சந்தேகம் யாரோடது? ஆங்கிலத்துல நம்பாமையைச் சொல்ற அட்ஜெக்டிவ் எல்லாம் ஒரே இடத்துல பேசுவோமா

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் இங்க வந்து எழுதறேன். கூட வேலை பார்க்கிற ஒருத்தங்க ஒரு அறிக்கை எழுதி எனக்குப் பார்க்க அனுப்பினாங்க. நல்லா எழுதற பொண்ணு, ரொம்ப உழைச்சிருந்தாங்க. அதுல மூணாவது அட்டவணையில கூட்டுத்தொகை ஒண்ணு ரெண்டு எனக்கு இடிச்சுது. நான் பதில் மெயில்ல, "சம் ஆஃப் தி ஃபிகர்ஸ் ஆர் டியூபியஸ், ப்ளீஸ் செக்"னு ஒரே ஒரு வரி போட்டு அனுப்பிட்டேன். என் மனசுல ஓடினது "சில கணக்கு எனக்குச் சந்தேகமா இருக்கு, ஒரு தடவை பார்த்துடுங்க"ங்கிறதுதான். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல.

ரெண்டு நாள் பதிலே வரல. மூணாம் நாள் போன் பண்ணினாங்க, குரலே இறங்கிப் போயிருந்துச்சு. "அக்கா, நான் கணக்கை மாத்தி எழுதிட்டேன்னு நினைக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அகராதியைத் திறந்தா டியூபியஸ்னா "சந்தேகத்துக்குரிய"ன்னுதான் போட்டிருக்கு, அதைத்தானே நானும் சொன்னேன்? ஆனா அந்தப் பொண்ணு கேட்டதுலயும் ஒரு தப்பும் இல்லன்னு உள்ளுக்குள்ள தெரியுது.

அப்புறம் உக்காந்து எழுதிப் பார்த்தேன். டவுட்ஃபுல், டியூபியஸ், ஸ்கெப்டிக்கல், சஸ்பிஷியஸ், இன்க்ரெடுலஸ், இன்க்ரெடிபிள், அன்பிலீவபிள், இம்ப்ளாஸிபிள், க்வெஸ்சனபிள், அன்கன்வின்ஸ்டு... தமிழ்ல எல்லாத்துக்கும் சுத்திச் சுத்தி "சந்தேகமான", "நம்ப முடியாத" இந்த ரெண்டுலதான் வந்து நிக்குது. ஆனா ஆங்கிலத்துல ஒவ்வொண்ணும் வேற ஆள். எதை எங்க போடணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் அந்த மெயில்ல என்ன எழுதியிருக்கணும்?

ஒற்றெழுத்து

நல்ல இழை. நான் பல வருஷமா மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், இந்தக் குழப்பம் எனக்கும் இருந்துச்சு, ஒரு விஷயம் பிடிபட்டப்புறம்தான் தெளிஞ்சுது.

தமிழ்ல நாம எப்படிச் சொல்றோம்? "எனக்குச் சந்தேகமா இருக்கு." அந்த "எனக்கு"லயே வேலை முடிஞ்சு போகுது. சந்தேகம் என்கிட்ட இருக்கு, எதிர்ல இருக்கிறவர் மேலயோ அவர் எழுதினது மேலயோ ஒட்டல. நாளைக்கு எனக்குத் தெளிஞ்சா அதுவும் போயிடும். ஆங்கிலத்துல அட்ஜெக்டிவ் ஒரு ஆள் மேலயோ ஒரு பொருள் மேலயோ உக்காந்தே ஆகணும். யார் மேல உக்காருதுங்கிறதுதான் கேள்வியே.

சந்தேகப்படறவங்க மேல மட்டும் உக்கார்ற சொல் சிலது: ஸ்கெப்டிக்கல், இன்க்ரெடுலஸ், அன்கன்வின்ஸ்டு, டிஸ்பிலீவிங், அப்புறம் டபிள்யூவுல தொடங்குற வேரி, அதாவது உஷாரா இருக்கிறது. இதையெல்லாம் பொதுவா ஒரு அறிக்கை மேல போட முடியாது, அறிக்கைக்கு மனசு இல்லையே. அடுத்தது சந்தேகப்படப்படுற விஷயத்து மேல மட்டும் உக்கார்றது: இன்க்ரெடிபிள், இம்ப்ளாஸிபிள், இம்ப்ராபபிள், ஃபார்-ஃபெட்ச்ட், க்வெஸ்சனபிள், அன்கன்வின்ஸிங். இதுவரைக்கும் தொந்தரவு இல்ல.

வம்பு பண்றது ரெண்டு வீட்டுக்கும் போய் வர்ற மூணு பேர். டியூபியஸ், டவுட்ஃபுல், சஸ்பிஷியஸ். "ஐ யாம் டியூபியஸ் அபவுட் தி ஃபிகர்ஸ்"னு நீங்க எழுதியிருந்தா சந்தேகம் உங்களோடது, நீங்க தயங்குறீங்க, அவ்வளவுதான். "தி ஃபிகர்ஸ் ஆர் டியூபியஸ்"னு எழுதினதும் அது அந்தக் கணக்கோட குணமா ஆயிடுச்சு. பொருள் மேல உக்கார்றப்ப டியூபியஸ்க்கு "எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத, நேர்மை சரியில்லாத"ங்கிற வாடை வந்துடும். உங்க தோழி அதைத்தான் படிச்சிருக்காங்க.

சஸ்பிஷியஸ் இன்னும் மோசம். "ஐ யாம் சஸ்பிஷியஸ்"னா நான் சந்தேகப்படறேனா, என்னைப் பார்த்தா சந்தேகம் வருதா? ரெண்டுமே வரும். "ஹி கேவ் மீ எ சஸ்பிஷியஸ் லுக்"னா அவர் என்னைச் சந்தேகமா பார்த்தார். "சஸ்பிஷியஸ் பார்சல்"னா பார்சல் யாரையும் சந்தேகப்படல. "சஸ்பிஷியஸ் ஆஃப்"னு அந்த ஆஃப் பின்னாடி வந்துட்டா சந்தேகப்படறவர் யாருன்னு தெளிவாயிடும். நான் சந்தேகப்படறேன்னு சொல்ல வந்தா ஆஃப் இல்லாம இந்த வார்த்தையை எழுதவே மாட்டேன்.

மைக்கூடு

ஒற்றெழுத்து சொன்னதுக்கு என் அனுபவம் ஒண்ணு. ஒரு நேர்முகத் தேர்வுல, "உங்க துறையில வந்த இந்தப் புது முடிவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அதைத் தைரியமா சொல்லணும்னு நினைச்சு "ஐ யாம் இன்க்ரெடிபிள் அபவுட் திஸ்"னு சொல்லிட்டேன். "நான் பிரமாதமான ஆள்"ங்கிற மாதிரி போய் விழுந்துச்சு அது. சொல்ல வேண்டியது இன்க்ரெடுலஸ். அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த அறையில இருந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கு. எனக்கு விஷயம் தெரியும், வார்த்தைதான் கைவிட்டுடுச்சு, அதான் இன்னைக்கும் வலிக்குது.

அப்புறம் தேடிப் படிச்சேன். ரெண்டுமே லத்தீன்ல நம்புறதைக் குறிக்கிற க்ரெடெரேங்கிற வினையிலேர்ந்து வந்ததுதான். "இபிள்"னு முடிஞ்சா அது விஷயத்தைப் பத்தினது, நம்பத் தகாதது. "உலஸ்"னு முடிஞ்சா ஆளைப் பத்தினது, நம்பாதவர். முன்னாடி இருக்கிற இன்-ஐ எடுத்துட்டுப் பாருங்க, க்ரெடிபிள்னா நம்பத் தகுந்தது, க்ரெடுலஸ்னா எதைச் சொன்னாலும் நம்பிடுறவர். இப்படி நாலையும் சேர்த்து வச்சுப் பார்த்தப்புறம் எனக்குக் குழம்பவே இல்ல.

இன்னொண்ணு சொல்றேன், எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. ஷேக்ஸ்பியர் ட்வெல்ஃப்த் நைட் நாடகத்துல மல்வோலியோ பேசற இடத்துல, இன்னைக்கு நாம இன்க்ரெடிபிள்னு சொல்ற அர்த்தத்துல இன்க்ரெடுலஸ்னுதான் எழுதியிருக்கார். 1600 வாக்குல அந்த எல்லை இவ்வளவு கெட்டியா இல்ல. இப்ப அப்படி எழுதினா தப்புன்னுதான் திருத்துவாங்க.

திண்ணைவாசி

அப்போ "ஐ ஹேவ் எ டவுட்"னு க்ளாஸ்ல கை தூக்கிட்டு இருந்தோமே, அதுவும் தப்பா???

பிழைதிருத்தி

திண்ணைவாசி, தப்புன்னு சொல்ல மாட்டேன், நம்ம பக்கத்து ஆங்கிலத்துல அது நல்லாவே புழங்குது, நமக்குள்ள எல்லாருக்கும் புரியுது. ஆனா வெளிநாட்டு ஆசிரியர் ஒருத்தர்கிட்ட அப்படிச் சொன்னா "நீங்க சொன்னதை நான் நம்பல"ன்னு அவர் காதுல விழ வாய்ப்பு இருக்கு, அங்க அந்த இடத்துல க்வெஸ்சன்தான். டவுட்னா அவங்களுக்கு நம்பிக்கை இல்லாமை. நமக்கு சந்தேகம்னா விளங்காததும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம், ஒருத்தர் மேல விழற ஐயமும் சந்தேகம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் டவுட்டும் சஸ்பெக்ட்டும்தான், அதைக் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா டவுட்ஃபுல்லும் சஸ்பிஷியஸும் தானா புரிஞ்சுடும். "ஐ டவுட் ஹி டுக் இட்"னா அவர் எடுத்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன். "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்"னா அவர்தான் எடுத்திருப்பார்னு நினைக்கிறேன். நேர் எதிர். தமிழ்ல ரெண்டுக்கும் "சந்தேகம்"தான். அப்போ நாம எப்படிப் பிரிக்கிறோம்? நம்ம வாயால சொல்லிப் பாருங்க. "அவர் வருவாரான்னு சந்தேகம்தான்." "அவர்தான் எடுத்திருப்பாரோன்னு சந்தேகமா இருக்கு." முதல்ல ஆ, ரெண்டாவதுல ஓ. "வருவாரா"ன்னா வர்றது நிச்சயமில்ல, மனசு இல்லைங்கிற பக்கம் சாயுது. "எடுத்திருப்பாரோ"ன்னா ஆமாங்கிற பக்கம் சாயுது. ஒரே ஒரு உயிரெழுத்து வேலையை முடிச்சுடுது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அஞ்சு வயசுக் குழந்தை சரியா பேசுது. இலக்கணத்துல ஐய வினான்னு தனியாவே வச்சிருக்காங்க, "பாம்போ கயிறோ"ன்னு படிச்சோமே, அதே ஓ.

அதனால நான் மாணவர்களுக்குச் சொல்றது இதுதான். தமிழ்ல யோசிக்கிறப்ப ஆ வருதா ஓ வருதான்னு கவனிங்க. ஆ வந்தா டவுட், டவுட்ஃபுல். ஓ வந்தா பெரும்பாலும் சஸ்பெக்ட், சஸ்பிஷியஸ். நூத்துக்கு நூறு பொருந்தாது, ஆனா பெரும்பாலும் காப்பாத்தும்.

கூடுதலா ஒண்ணு. ஸ்காட்லாந்துப் பேச்சுல "ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்"னா மழை வந்துடுமோன்னு நினைக்கிறேன்னு அர்த்தம். முந்தைய நூற்றாண்டுகள்ல எழுதின ஆங்கிலத்துலயும் டவுட்டுக்கு பயம், ஐயம்ங்கிற அர்த்தம் இருந்துச்சு. அதாவது நம்ம சந்தேகம் மாதிரி ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துட்டுதான் இருந்திருக்கு அந்தச் சொல்.

கரும்பலகை

பிழைதிருத்தி சார், அந்த ஆ, ஓ விஷயத்தைப் படிச்சுட்டு நாலஞ்சு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். "சரியா இருக்குமான்னு சந்தேகம்", "தப்பா இருக்குமோன்னு சந்தேகம்". ரெண்டும் ஒரே அறிக்கையைப் பத்தித்தான், ஆனா ரெண்டாவது சொல்றப்ப என் குரலே மாறுது.

வினைத்தொகை

எனக்கு இதுல கொஞ்சம் மாத்துக் கருத்து உண்டு. டியூபியஸ் மேல எல்லாரும் பழி போடறீங்க. அந்தச் சொல்லோட மூலம் லத்தீன் டூபியஸ், ரெண்டுங்கிறதைக் குறிக்கிற டுவோவோட உறவு. ரெண்டு மனசா இருக்கிறது, அவ்வளவுதான். நாமளும் "இருமனசா இருக்கு"ன்னு சொல்றோம். ஜெர்மன்ல சந்தேகத்துக்கு ட்ஸ்வைஃபல், அதுக்குள்ளயும் ட்ஸ்வை, அதாவது ரெண்டு இருக்கு. இத்தனை மொழிக்காரங்களும் சந்தேகத்தை ரெண்டா நிக்கிற மனசுன்னே பார்த்திருக்காங்க, எவ்வளவு அழகு! டவுட்டுல வாய்க்குள்ளயே தங்கிடுற அந்த பி எழுத்தும் இதே லத்தீன் மூலத்தைக் காட்டறதுக்காகப் பிற்பாடு சேர்த்ததுதான். பிரெஞ்சு வழியா வந்தப்ப பி இல்லாமதான் எழுதினாங்க, படிச்சவங்க பார்த்து உள்ள நுழைச்சாங்க, உச்சரிப்பு மட்டும் பழையபடியே நின்னுடுச்சு.

அதனால டியூபியஸ் பிறவியிலேயே பழிச்சொல் இல்ல. என் கணிப்புல பிரச்சினை அந்த ஒத்தை வரிதான். முன்னாடி ஒரு பாராட்டு இல்ல, எந்த எண்ணுன்னு சொல்லல, ஏன்னு சொல்லல. க்வெஸ்சனபிள்னு போட்டிருந்தாலும் அதே போன்தான் வந்திருக்கும்.

ஒற்றெழுத்து

வினைத்தொகை, மூலம் எதுவா வேணா இருக்கட்டும், இன்னைக்கு அதைப் படிக்கிறவங்க காதுல என்ன விழுதுங்கிறதுதான் கணக்கு. "டியூபியஸ் டீல்", "டியூபியஸ் மீன்ஸ்", "எ மேன் ஆஃப் டியூபியஸ் கேரக்டர்", இப்படித்தான் அது நாள்பூரா புழங்குது. "டியூபியஸ் ஹானர்"னு சொல்றப்பகூட அது பெருமைப்படற மாதிரி ஒரு விஷயமே இல்லைன்னுதான் அர்த்தம். சகவாசம் சொல்லோட குணத்தை மாத்திடும்.

க்வெஸ்சனபிள் பத்தி நீங்க சொன்னது சரிதான். பேரைப் பார்த்தா "கேள்வி கேட்கலாம்"னு சாதுவா இருக்கு, ஆனா நடைமுறையில அதுலயும் அழுக்கு ஒட்டியிருக்கு. பொருள் மேல போடறதுல மனசைக் குத்தாத சொல் வேணும்னா அன்லைக்லி. அதுல யார் நேர்மையும் வராது, நடக்கிற வாய்ப்பு கம்மின்னு மட்டும் சொல்லும். இம்ப்ளாஸிபிள் அதைவிட ஒரு படி மேல, "சொல்ற கதையே ஒட்டல"ங்கிற மாதிரி. ஃபார்-ஃபெட்ச்ட்னா "எங்கேயோ போய் இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கு". ப்ரிபோஸ்டரஸ் கோபத்தோட வர்றது, அதோட லத்தீன் மூலமே முன்னாடி இருக்க வேண்டியது பின்னாடி, பின்னாடி இருக்க வேண்டியது முன்னாடி. நம்ம "தலைகீழா இருக்கே"தான் அது.

ஆய்த_எழுத்து

ஸ்கெப்டிக்கல் பத்தி யாருமே சரியா பேசலையே. என்னைக் கேட்டா ஒருத்தர் தன்னைத்தானே மரியாதையா சொல்லிக்கிறதுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. கிரேக்கத்துல அதோட மூலம் பார்க்கிறது, ஆராயறது. பிர்ரோன்னு கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர், எதையும் அவசரப்பட்டு முடிவு பண்ணாம நிறுத்தி வைக்கணும்னு நினைச்சவர், அவர் வழியில வந்தவங்களைத்தான் ஸ்கெப்டிக்ஸ்னு சொன்னாங்க. அதனால ஸ்கெப்டிக்கல்னா "பொய்"னு சொல்றது இல்ல, "ஆதாரம் காட்டுங்க, பார்க்கிறேன்"னு சொல்றது. கதவு திறந்தே இருக்கு.

இதையும் சினிக்கலையும் போட்டுக் குழப்பறாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு கேக்கல. சினிக்கல்னா ஆதாரம் வந்தாலும் நம்ப மாட்டார், "இவனுக்கு இதுல என்ன லாபம்"னு ஆள் நோக்கத்தையே சந்தேகப்படறவர். "ஹி இஸ் சினிக்கல்"ங்கிறது கிட்டத்தட்ட குறை சொல்றது. "ஹி இஸ் ஸ்கெப்டிக்கல்"ங்கிறதுல குறை இல்ல. ஒரு விமர்சனக் கட்டுரையில என் நண்பர் தன்னைப் பத்தியே "ஐ யாம் சினிக்கல் அபவுட் திஸ் ஸ்டடி"னு எழுதிட்டார், அதுக்கு வந்த பதில் எல்லாம் ஆய்வை விட்டுட்டு அவர் மனசைப் பத்தியே இருந்துச்சு.

அக்னாஸ்டிக்னு ஒண்ணும் இருக்கு, 1869ல தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி உருவாக்கின சொல். கடவுள் இருக்காரா இல்லையான்னு அறிய முடியாதுங்கிற நிலைக்காக வந்துச்சு, இப்ப "நான் எந்தப் பக்கமும் சாயல"ங்கிற அர்த்தத்துலயும் புழங்குது. அது சந்தேகம்கூட இல்ல, தீர்ப்பே சொல்லாம நிக்கிறது.

எழுதறப்ப: பிரிட்டிஷ்காரங்க எஸ்-சி போடுவாங்க, அமெரிக்காவுல எஸ்-கே. ரெண்டுக்கும் உச்சரிப்பு "ஸ்கெ"தான். எஸ்-சி பார்த்துட்டு "செப்டிக்கல்"னு படிச்சுடாதீங்க, செப்டிக்னா சீழ் பிடிச்சது.

மைக்கூடு

செப்டிக்... ஐயோ, நான் இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். நன்றிங்க, நிஜமா நன்றி.

நடுப்பக்கம்

கதை எழுதறவங்களுக்காக ஒரு வார்த்தை. மேல ஒற்றெழுத்து "ஆள் மேல மட்டும் உக்காரும்"னு சொன்னார், ஆனா அந்த ஆளோட முகம், குரல், பார்வை, சிரிப்பு இதெல்லாத்து மேலயும் அதே சொல் உக்காரும். "இன்க்ரெடுலஸ் லுக்", "ஸ்கெப்டிக்கல் டோன்", "டிஸ்பிலீவிங் லாஃப்". பார்வை நம்பலன்னா அந்தப் பார்வைக்குப் பின்னாடி இருக்கிற ஆள் நம்பலன்னு அர்த்தம்.

ஒரு சின்னக் காட்சி. ஒரு அம்மாகிட்ட மகன் வந்து, "அம்மா, நான்தான் முதல் ராங்க்"னு சொல்றான். அவங்க கையில இருந்த பேனாவை மேஜை மேல வச்சுட்டு அப்படியே நிமிர்ந்து பார்க்கிறாங்க, வாய் லேசா திறந்திருக்கு. இது இன்க்ரெடுலஸ். அதே அம்மா ஒரு புருவத்தை மட்டும் தூக்கிட்டு "எங்க, மார்க் ஷீட்டைக் காட்டு"ங்கிறாங்க. இது ஸ்கெப்டிக்கல். கண்ணைச் சுருக்கிட்டு, "நேத்து ராத்திரி ஏன் அவ்வளவு நேரம் போன்ல பேசிட்டு இருந்தே?"ன்னு சம்பந்தமே இல்லாம கேக்கறாங்க. இது சஸ்பிஷியஸ். தலையைச் சாய்ச்சு, புரியாம பாதிச் சிரிப்போட பார்த்தா க்விஸிக்கல், அதுல நம்பாமையைவிடக் கேள்விதான் ஜாஸ்தி. அதே பையன், அதே சேதி, நாலு முகம். தமிழ்ல எழுதறப்ப நான் இப்படி முகத்தை எழுதிடுவேன், ஆங்கிலத்துல ஒரே அட்ஜெக்டிவ்ல முடிச்சுடறாங்க. எது உசத்தின்னு சொல்ல வரல, ஆனா அந்த ஒத்தைச் சொல் சரியா விழணும்னா முதல்ல முகத்தைக் கண்ணு முன்னாடி கொண்டு வரணும்.

இன்க்ரெடுலஸ்ல ஆச்சரியமும் கலந்திருக்கு. அது அந்த நொடியில வர்றது. ஒரு மாசமா இன்க்ரெடுலஸா இருந்தேன்னு சொன்னா ஒட்டாது, ஒரு மாசமா ஸ்கெப்டிக்கலா இருக்கலாம்.

திண்ணைவாசி

இன்க்ரெடிபிள், அன்பிலீவபிள் ரெண்டும் இப்ப "சூப்பர்"ங்கிற அர்த்தத்துலதானே வருது? கமென்ட்ரில எல்லாம் "அன்பிலீவபிள் கேட்ச்"ங்கிறாங்க, கண்ணு முன்னாடி புடிச்சிருக்கான், அதை யாரு நம்பல?

பிழைதிருத்தி

ஆமா, தேய்ஞ்சு போச்சு. நம்ம "பயங்கரமா இருக்கு"ங்கிறது பாராட்டா ஆன மாதிரிதான். அதனால நிஜமாவே நம்பலன்னு சொல்லணும்னா இந்த ரெண்டையும் நம்பாதீங்க. "யுவர் ஸ்டோரி இஸ் இன்க்ரெடிபிள்"னு சொன்னா எதிர்ல இருக்கிறவர் சந்தோஷமா தாங்க்ஸ் சொல்லிட்டுப் போவார். "ஹார்டு டு பிலீவ்"னு சொன்னாதான் விஷயம் போய்ச் சேரும். ஆனா "யூ ஆர் அன்பிலீவபிள்!"னு ஆளைப் பார்த்து ஒரு அழுத்தத்தோட சொன்னா, பல நேரம் "நீயெல்லாம் என்ன ஆளு"ங்கிற கோபம். தொனிதான் தீர்மானிக்கும்.

விளையாட்டுச் செய்தியில இன்னொரு பொறியும் இருக்கு. "ஹி இஸ் டவுட்ஃபுல் ஃபார் தி மேட்ச்"னா அவர் எதையும் சந்தேகப்படல, காயத்துனால அவர் ஆடறது சந்தேகம்.

பேனா_நண்பன்

நோ டவுட் யாராவது சொன்னீங்களா? "சந்தேகமே இல்ல"ன்னு நாம அடிச்சுச் சொல்வோம். ஆனா "நோ டவுட் ஹி இஸ் பிஸி"ன்னா "பிஸியா இருப்பார்னு நினைக்கிறேன்"தான், ஊகம். டவுட்லெஸும் அப்படியே. உறுதியா சொல்லணும்னா "வித்தவுட் டவுட்" இல்லேன்னா "அன்டவுட்டட்லி". சந்தேகம் இல்லைன்னு சொல்ற சொல்லுக்குள்ளயே சந்தேகம் உக்காந்திருக்கு. நான் ஒரு சிபாரிசுக் கடிதத்துல "ஷி இஸ் நோ டவுட் ஹானஸ்ட்"னு எழுதி, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் பார்த்து நிறுத்தினார். அந்தப் பொண்ணோட வேலையே போயிருக்கும்.

ஒலிக்குறிப்பு

பேச்சு வழக்கும் கொஞ்சம் சேர்த்துக்கலாம். ஃபிஷின்னா நம்ம "ஏதோ இடிக்குதே". டாட்ஜி பிரிட்டிஷ், "சரியில்லாத ஆள், சரியில்லாத சமாச்சாரம்". ஸ்கெட்சி அமெரிக்காவுல ஜாஸ்தி. ஐஃபின்னா "இஃப்"லேர்ந்து வந்தது, "நடந்தா உண்டு, நிச்சயமில்ல"ங்கிற மாதிரி லேசானது. லீரின்னா ஆள் மேல போகும், "லீரி ஆஃப்", அவர்கிட்ட கொஞ்சம் தள்ளியே நிக்கிறது. இதெல்லாம் நண்பர்களுக்குள்ள சரி, அலுவலக மெயில்ல வேண்டாம். டாட்ஜி போட்டிருந்தா கரும்பலகை அக்காவுக்கு மூணு நாள் இல்ல, மூணு மாசம் பதில் வந்திருக்காது.

"காதுல பூ சுத்தாதே"ங்கிறதுக்குக் கிட்ட வர்றது "எ லைக்லி ஸ்டோரி!" லைக்லின்னா நடக்கக்கூடியதுன்னுதான் அர்த்தம், ஆனா இந்த மூணு சொல்லும் சேர்ந்து தனியா வந்தா நேர் எதிர். "டால் ஸ்டோரி"யும் உண்டு, டால்னா உயரமானன்னு எடுத்துக்காதீங்க, அளந்து விடற கதை.

வினைத்தொகை

செய்தி மொழி விட்டுப்போச்சு. அலீஜ்டு, பர்ப்போர்ட்டட், சோ-கால்டு. அலீஜ்டுன்னா "குற்றம் சாட்டப்பட்ட, இன்னும் நிரூபணம் ஆகாத", எழுதறவர் எந்தப் பக்கமும் நிக்காம இருக்க அது ஒரு பாதுகாப்பு. சோ-கால்டு அப்படி இல்ல. "சோ-கால்டு எக்ஸ்பர்ட்"னா "பெரிய நிபுணராம்!" அந்த "ஆம்" இருக்கே, நம்மளோட "வந்தாராம், சொன்னாராம்", அதுலயும் இதே ரெண்டு முகம் உண்டு. சாதாரணமா சொன்னா பிறர் சொல்லக் கேட்டது, இழுத்துச் சொன்னா நம்பாதது. மொழிபெயர்க்கிறப்ப அலீஜ்டுக்கு சாதாரண ஆம், சோ-கால்டுக்கு இழுத்த ஆம். இதை எழுத்துல காட்டறதுதான் கஷ்டம், நான் இன்னும் முட்டிக்கிட்டு இருக்கேன்.

ஆய்த_எழுத்து

இந்த அட்ஜெக்டிவ்களுக்குப் பின்னாடி வர்ற ஆஃப், அபவுட் மாதிரி சின்னச் சொல் மாறினா வாக்கியம் நொண்டும், அதையும் இங்க போட்டு வைக்கிறேன். ஸ்கெப்டிக்கலுக்கு ஆஃப் அல்லது அபவுட். டியூபியஸுக்கும் டவுட்ஃபுல்லுக்கும் அபவுட். வேரிக்கு ஆஃப். இன்க்ரெடுலஸுக்குப் பெரும்பாலும் அட். அன்கன்வின்ஸ்டுக்கு பை, சில இடத்துல ஆஃப். அப்புறம் அன்கன்வின்ஸ்டு நான், அன்கன்வின்ஸிங் அவர் சொன்ன காரணம். "ஐ யாம் அன்கன்வின்ஸிங்"னு எழுதினா "என் பேச்சை யாரும் நம்ப மாட்டாங்க"ன்னு ஆயிடும்.

கரும்பலகை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நாளா எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சேன். நேத்து அந்தப் பொண்ணுக்கு மறுபடி எழுதினேன், ஆங்கிலத்துலேயே, ஏன்னா காயப்படுத்தினது அந்த மொழியிலதான். தமிழ்ல சொன்னா இப்படி: அறிக்கை எனக்குப் பிடிச்சிருக்கு, குறிப்பா ரெண்டாம் பகுதி. மூணாவது அட்டவணையில கடைசி ரெண்டு வரியோட கூட்டுத்தொகை எனக்கு நிச்சயமா தெரியல, நான்தான் தப்பா கூட்டியிருக்கலாம், சேர்ந்து ஒரு தடவை பார்க்கலாமா? அதுக்கு நான் எடுத்துக்கிட்டது "ஐ வாஸ் அன்ஷூர் அபவுட்". வினைத்தொகை சொன்ன மாதிரி எந்த வரின்னும் சொன்னேன், ஒற்றெழுத்து சொன்ன மாதிரி சந்தேகத்தை என்கிட்டயே வச்சுக்கிட்டேன்.

சாயங்காலமே பதில் வந்துடுச்சு. ஒரு வரி ரெண்டு தடவை கூட்டல்ல சேர்ந்திருக்கு, அவங்களே கண்டுபிடிச்சு திருத்திட்டாங்க. மெயில் கடைசியில "தேங்க் யூ அக்கா"ன்னு இருந்துச்சு. அந்த அக்கா போன வாரம் வந்த மெயில் எதுலயும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கி. சஸ்பெக்ட்டே அட்ஜெக்டிவாவும் வருதாமே? "தி டேட்டா இஸ் சஸ்பெக்ட்"னு ஒரு கட்டுரையில பார்த்தேன். அது சஸ்பிஷியஸேதானா?

பிழைதிருத்தி

இல்லம்மா, கொஞ்சம் வேற. சஸ்பிஷியஸ் டேட்டான்னா "யாரோ கை வச்சிருப்பாங்களோ"ங்கிற ஓ எட்டிப் பார்க்குது. சஸ்பெக்ட் டேட்டான்னா "இதை நம்பிப் பயன்படுத்தலாமா"ங்கிற ஆ, கருவி பழுதா இருக்கலாம், பதிவு விட்டுப் போயிருக்கலாம், யார் மேலயும் விரல் நீளணும்னு இல்ல. ஆய்வுக் கட்டுரையில அதனாலதான் சஸ்பெக்ட் அதிகம் பார்ப்பீங்க. ஆனா ஆள் மேல போட்டீங்கன்னா உடனே நேர்மையைத் தொட்டுடும், அங்க ஜாக்கிரதை. உச்சரிக்கிறப்ப முதல் அசையில அழுத்துங்க, ஸஸ்-பெக்ட்னு. ரெண்டாவது அசையில அழுத்தினா அது வினைச்சொல்.